கேமராவுக்கு நெத்தி எங்க இருக்கு?

அப்பா ரிடையர் ஆகுறாரு. அதை வீடியோ எடுக்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணும்? போனை எடு, பட்டனை அமுக்கு, முடிஞ்சுது. வீட்லயும் எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. எல்லாரும் சேர்ந்து ஒண்ணைச் சொன்னா அது தப்பாத்தான் இருக்கணும்ங்கிறது என்னோட கொள்கை. நான் யுனிவர்சிட்டில எம்.ஏ. எக்கனாமிக்ஸ் படிக்கிறேன், டிபேட் கிளப்லயும் இருக்கேன். இதுல எதை உருப்படியா செய்றேன்னு எங்க ஹெச்.ஓ.டி.யைக் கேட்டீங்கன்னா ரெண்டாவதைத்தான் சொல்வாரு. அதையும் கொஞ்சம் வருத்தமாத்தான் சொல்வாரு.

முதல்ல அப்பாவைப் பத்திச் சொல்லிடறேன். வீடு ஸ்ரீரங்கம், வேலை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல. ஃபிட்டர். எங்க சொந்தத்துல நடந்த கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதோட வீடியோவை வேணும்னாலும் போட்டுப் பாருங்க. அப்பா இருக்க மாட்டாரு. இருப்பாரு, ஆனா முதுகா இருப்பாரு. இல்லேன்னா சாம்பார் வாளியைப் பிடிச்ச ஒரு கையா இருப்பாரு. சித்தப்பா கல்யாண வீடியோவுல மட்டும் ஒரு இடத்துல முழு உருவமா வர்றாரு. அங்கயும் ஜெனரேட்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறாரு.

ஒர்க்‌ஷாப்ல ஒருத்தர் ரிடையர் ஆனா சும்மா டாட்டா காட்டி அனுப்ப மாட்டாங்க. மாலை போட்டு, வேன்ல ஏத்தி, கூட வேலை பாத்தவங்க எல்லாரும் பேண்டு வாத்தியம், சரவெடியோட வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து ஒப்படைச்சுட்டுத்தான் போவாங்க. வாசல்ல ஆரத்தி எடுக்கணும். அப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் மாலை மாத்திக்கணும். கிட்டத்தட்ட ரெண்டாவது கல்யாணம். பொண்ணு மட்டும் அதே பொண்ணு!

ஆக, எங்க அப்பா ஹீரோவா வரப்போற ஒரே நாள் அது. அந்த முகம் வீடியோவுல விழணும். பெருசா, தெளிவா, நட்ட நடுவுல விழணும். விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

"கேம்கார்டர் வாங்கப் போறேன்"னேன்.

"போன் போதாதாடி?"ன்னாங்க அம்மா.

"போதாது. அத்தை பேத்தி காதுகுத்துல என்ன ஆச்சு? ஊசி வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா ஸ்டோரேஜ் ஃபுல். அதுக்கு முன்னாடி ஒருத்தன் கூப்பிட்டு லோன் வேணுமான்னு கேக்குறான். கேம்கார்டருக்கு யாராவது கூப்பிட்டு லோன் வேணுமான்னு கேப்பாங்களா?"

"அப்ப ஸ்டுடியோக்காரரைச் சொல்லிடலாமே."

"அவரு அப்பா தலையைச் சுத்தி ரோஜாப்பூ பறக்க விடுவாரும்மா. நடுநடுவுல இதயம் வேற துடிக்கும். பரவாயில்லையா?"

அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்பாவைச் சுத்தி ரோஜாப்பூ பறக்குற காட்சி அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சோ என்னவோ, சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.

அப்பா பேப்பரை விட்டு நிமிராமலே, "எனக்கு எதுக்கு வீடியோ? நான் என்ன மந்திரியா?"ன்னாரு.

ரெண்டு பேரையும் வாதத்துல ஜெயிச்சாச்சு. ட்யூஷன் எடுத்துச் சேர்த்து வெச்சிருந்ததை எடுத்துக்கிட்டு மெயின்கார்ட் கேட் கடைவீதியில இறங்கினேன்.

முதல் கடையில, "கேம்கார்டரா?"ன்னு கேட்டுட்டு அந்த அண்ணன் என்னை ஏதோ கிராமபோன் கேட்டவளைப் பாக்குற மாதிரி பாத்தாரு. "இப்பல்லாம் அதை யாரும்மா வாங்குறா?"

"நான் வாங்குறேன். நான் யாருமில்லையா?"

அடுத்த கடைக்குப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

அடுத்த கடையில இருந்துச்சு! சேல்ஸ்மேன் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டுல இருந்து ஒரு பெட்டியை இறக்கி, துணியால ஒரு அடி அடிச்சாரு. தூசு அடங்கினதும், "மேடம், இதுல முந்நூறு மடங்கு ஜூம்! இங்க இருந்து மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரையே பாக்கலாம்"னாரு.

"ஆப்டிகல் எவ்வளவு, டிஜிட்டல் எவ்வளவு?"

"எல்லாம் சேர்த்துத்தான் மேடம்."

"சேர்க்கக் கூடாதுங்க! ஆப்டிகல்னா உள்ள லென்ஸே நகர்ந்து கிட்டக் கொண்டுவரும். டிஜிட்டல்னா எடுத்த படத்தை இழுத்துப் பெருசாக்குறது. மாவுல தண்ணியை ஊத்திட்டு ரெண்டு ஈடு இட்லி சேர்த்து வந்துச்சுன்னு சொல்ற கதை அது. அதுக்குப் பேரு ஜூமா?"

"மேடம், நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?"

விடுவேனா? கை ஆடினாலும் படம் ஆடாம பாத்துக்குற இமேஜ் ஸ்டெபிலைசர் லென்ஸுக்குள்ள இருக்கா, சாஃப்ட்வேர்லயா? தனி மைக் மாட்ட ஓட்டை உண்டா? இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா வருமா? பேட்டரி ஒரு கல்யாணத்துக்குத் தாங்குமா, நிச்சயதார்த்தத்துக்குத்தான் தாங்குமா? கேக்கக் கேக்க எனக்கே புல்லரிச்சுது. சுத்தி நாலு பேர் கூடிட்டாங்க. மிக்ஸி வாங்க வந்த ஒரு பெரியவர் பவ்யமா கிட்ட வந்து, "அம்மாடி, இந்த மிக்ஸியிலயும் எது ஆப்டிகல், எது டிஜிட்டல்னு பாத்துச் சொல்லிட்டுப் போயிடேன்"னாரு.

கடைசியில ஒரு மாடலைப் பிடிச்சேன். ஆப்டிகல் ஜூம் நெஜமாவே நல்லா இருந்துச்சு. கைக்குள்ள அடங்குது. ஸ்கிரீன் பக்கவாட்டுல புத்தகம் மாதிரி திறக்குது. லென்ஸை மூட முன்னாடி ஒரு சின்ன கதவு, அதைப் பக்கத்துல இருக்குற குமிழைத் தள்ளி நாமதான் திறந்து மூடணும். பில் போடும்போது சேல்ஸ்மேன் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது பாருங்க, அதை எடுத்திருந்தாலே நல்ல வீடியோவா வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடி. ஜூமை இழுத்தேன். ராஜகோபுரத்துல உட்கார்ந்திருந்த புறா சிறகைக் கோதுறது தெரியுது! "அம்மா, இங்க வாயேன்! புறாவோட கண்ணு தெரியுது!"ன்னு கத்தினேன். "புறாவா ரிடையர் ஆகுது?"ன்னு கீழ இருந்து பதில் வந்துச்சு.

இறங்கி வந்து கேமராவை மேஜை மேல வெச்சதுதான் தாமதம், அம்மா ஆரம்பிச்சாங்க. "புதுப் பொருள். சாமி முன்னாடி வெச்சு ஒரு பொட்டு வெச்சிடலாம்."

எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வண்டிக்குப் பொட்டு. ஃபிரிட்ஜுக்குப் பொட்டு. மிக்ஸி, கிரைண்டர், இன்வர்ட்டர், எல்லாத்துக்கும் பொட்டு. எங்க வைஃபை ரூட்டரைப் பாத்தீங்கன்னா வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பின சுமங்கலி மாதிரி இருக்கும். இதுல அப்பாவும் அம்மா கட்சிதான். ஒர்க்‌ஷாப்ல ஆயுத பூஜைக்கு ஒரு மெஷின் விடாம சந்தனம் குங்குமம் வைக்கிற ஆளு.

"அம்மா, இது எலக்ட்ரானிக்ஸ். உள்ள பொடி போச்சுன்னா அவ்வளவுதான். மெஷினுக்குப் பொட்டு வெச்சா அது நல்லா ஓடும்ங்கிறதுக்கு ஒரே ஒரு ஆதாரம் காட்டு, நானே வைக்கிறேன்."

"ரூட்டர் ஓடுதுல்ல?"

"பொட்டு வைக்காட்டியும் ஓடும்மா!"

"வைக்காம ஓட்டிப் பாத்தியா?"

அரை மணி நேரம் பேசினேன். காரண காரியம், தற்செயல், மூடநம்பிக்கைன்னு தனித்தனியா பிரிச்சுப் பேசினேன். கடைசியா ஒரு சமரசம் சொன்னேன்: கேமரா வந்த அட்டைப் பெட்டிக்குப் பொட்டு வெச்சுக்கட்டும், கேமராவைச் சும்மா சாமி மாடத்துல வெச்சா போதும்.

"சரி"ன்னாங்க அம்மா.

ஒரே வார்த்தை. எங்க அம்மா ஒரே வார்த்தையில சரின்னு சொல்லி நான் வளர்ந்ததே இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஆனா ஜெயிச்ச மிதப்புல இருந்தேன். புறாவைப் பாத்துட்டு வந்த வேகத்துல லென்ஸோட கதவை மூடலைங்கிறதும் ஞாபகம் இல்ல.

மறுநாள்தான் ரிடையர்மெண்ட். காலையிலயே லால்குடியில இருந்து அத்தை வந்துட்டாங்க. அப்பாவோட தங்கச்சி. ஒரு பை நிறைய மல்லிகைப்பூ, ஒரு பை நிறைய கேள்வி. சாயங்காலம் சேகர் மாமா போன் பண்ணினாரு. சேகர் மாமான்னா ஒர்க்‌ஷாப்ல அப்பாவுக்குப் பக்கத்து மெஷின். "பாப்பா, வேன் மாம்பழச்சாலை தாண்டியாச்சு! ரெடியா இரு!"

சாமி மாடத்துல கேமரா தலையில ரெண்டு சரம் மல்லிகையோட உட்கார்ந்திருந்துச்சு. பூவைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். "இருடி ஜனனி, நானும் எங்கண்ணனைப் பாக்கணும்"னு அத்தையும் பின்னாடியே ஓடி வந்தாங்க.

ராஜகோபுரத்துப் பக்கம் போய் நிக்கிறோம், வேன் வந்துடுச்சு. திறந்த வேன். முன்னாடி பேண்டு வாத்தியம். அதுக்கும் முன்னாடி சேகர் மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடுறாரு பாருங்க, பேண்டுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. வேன் மேல அப்பா. கழுத்துல மூணு மாலை. கூச்சம் தாங்காம மாலையைக் கேடயம் மாதிரி மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடிச்சிருக்காரு.

"அப்பா, மாலையை இறக்குங்க! மூஞ்சி தெரியல!"

இறக்கினாரு. நான் பட்டனை அமுக்கினேன்.

மேற்கு வெயில் நேரா ஸ்கிரீன்ல அடிக்குது. ஒண்ணும் சரியா தெரியல. எனக்கென்ன கவலை? நேத்தே எல்லாம் பாத்தாச்சு. முகம் நடுவுல இருக்கணும், அதானே? அப்பா தலையைக் கணக்கா நடுவுல வெச்சுக்கிட்டேன்.

அத்தை என் தோள் வழியா எட்டிப் பாத்தாங்க. "ஏன்டி ஜனனி, உள்ள சிவப்பா ஒண்ணு தெரியுதே?"

"அதுக்குப் பேரு லென்ஸ் ஃபிளேர் அத்தை. சூரியன் நேரா லென்ஸ்ல அடிச்சா அப்படி ஒரு வெளிச்சம் விழும். சினிமாவுல இதுக்குன்னே வேணும்னு எடுப்பாங்க."

"சூரியன் உனக்குப் பின்னாடில்ல இருக்கு?"

நியாயமான கேள்வி. அறிவுள்ள யாரும் அந்த இடத்துல கேமராவைத் திருப்பி ஒரு தடவை பாத்திருப்பாங்க. நான் என்ன செஞ்சேன்? விளக்கம் கொடுத்தேன்!

"பின்னாடி இருந்தாலும் வரும் அத்தை. எதிர்ல இருக்குற வேன் கண்ணாடியில பட்டுத் திரும்புதுல்ல?"

"ஓ"ன்னாங்க அத்தை. எனக்கே ஒரு சின்ன உறுத்தல். துப்பட்டா நுனியால ஸ்கிரீனை நல்லா தேய்ச்சுத் துடைச்சேன். ஸ்கிரீனை! அதோட என் மனசாட்சி சுத்தமாயிடுச்சு.

அங்க இருந்து எங்க தெரு வரைக்கும் வேனுக்கு முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டே எடுத்தேன். ஒரு பூக்கடைக் கூடையை மிதிக்கப் போய்த் தப்பிச்சேன். ஒரு மாடு எனக்காக ஒதுங்கி நின்னுச்சு. பின்னால வந்த ஆட்டோக்காரர் பிரேக்கைப் போட்டுட்டு, "ஏம்மா, ரிவர்ஸ் ஹாரனாவது அடிச்சுக்கிட்டு வாம்மா!"ன்னு கத்தினாரு. நான் காதுலயே வாங்கல. கேமராவுல ஸ்டெபிலைசர் இருக்குல்ல? என் கால்ல இல்லைங்கிறது அப்ப தோணல.

அப்பா முகத்துக்கு ஜூம் பண்ணினேன். இன்னும் ஜூம். முழுக்க முழுக்க ஆப்டிகல். அப்பா என்னைப் பாத்துக் கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாரு. பேண்டு சத்தத்துல கேக்கல. டாட்டா காட்டுறாருன்னு நினைச்சு நானும் டாட்டா காட்டினேன்.

வீட்டு வாசல். சரவெடி வெடிச்சுது. அம்மாவும் அத்தையும் ஆரத்தி சுத்தினாங்க. அடுத்து மாலை மாத்துற சடங்கு.

"ஐயோ, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?"ன்னாங்க அம்மா. காலையிலயே பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு ரெடியா இருந்தவங்க!

"தங்கச்சி, வேண்டாம்னு சொல்றதுக்கு அன்னிக்கே ஒரு வாய்ப்பு இருந்துச்சு. விட்டுட்டீங்க. இனிமே பேசிப் பிரயோஜனமில்ல"ன்னு சேகர் மாமா மாலையை அம்மா கையில திணிச்சாரு.

அப்பா மாலையைப் போட்டாரு. பேண்டுக்காரங்க நிறுத்திட்டாங்க. அம்மா மாலையைத் தூக்குறாங்க. இது ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல வர வேண்டிய ஷாட்! ஒரு அடி பின்னாடி வெச்சேன். பத்தல. இன்னும் ஒரு அடி. இன்னும் ஒரே ஒரு அடி...

அங்கதான் விருந்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர்களை என் உயரத்துக்கு அடுக்கி வெச்சிருந்தாங்க.

தடால்!

நான் முதல்ல விழுந்தேன். சேர்கள் ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு என் மேல விழுந்துச்சு. வானத்தைப் பாத்துப் படுத்திருக்கேன், நெஞ்சு மேல கேமரா, பட்டனை விடவே இல்ல. "ஜனனீ!"ன்னு ஒரு அலறல். கழுத்துல வாங்க வேண்டிய மாலையை அம்மா கையிலயே விட்டுட்டு அப்பா பாய்ஞ்சு வந்து சேரைத் தூக்கி எறியுறாரு.

"அடி பட்டுச்சாம்மா? எங்கடா வலிக்குது?"

"அப்பா, ஃபிரேமை விட்டு வெளிய வராதீங்க!"ன்னேன்.

முழங்கையில சின்ன சிராய்ப்பு, அவ்வளவுதான். கௌரவத்துல பட்ட அடி அப்புறம்தான் தெரிஞ்சுது.

டிபன் முடிஞ்சுது. கேசரி, பஜ்ஜி, ஒர்க்‌ஷாப் ஆளுங்க எல்லாரும் ஹால்ல. "பாப்பா, எடுத்ததைப் போடு. நான் ஆடினது எப்படி இருக்குன்னு பாக்கணும்"னாரு சேகர் மாமா. நான் பெருமையா டிவில கேபிளைச் சொருகினேன். "கவனிங்க, பிக்சர் குவாலிட்டி எப்படி இருக்கும்னு"ன்னு ஒரு முன்னுரை வேற!

டிவில வேன் தெரிஞ்சுது. பேண்டு தெரிஞ்சுது. மூணு மாலை தெரிஞ்சுது. மாலைக்கு மேல அப்பாவுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்துல ஒரு பெரிய சிவப்பு வட்டம்!

ஹால்ல எல்லாரும் டிவி பக்கமா நகர்ந்து உட்கார்ந்தாங்க.

கூட்டத்துல ஒருத்தர் மெதுவா, "அண்ணனுக்கு ரெட் சிக்னல் போட்டிருக்காங்கய்யா"ன்னாரு. அவ்வளவுதான். ஹால் இடிஞ்சு விழுந்த மாதிரி சிரிப்பு.

"சிவப்பு விழுந்தா வண்டி நிக்கணுமே, இது ஓடுதே!"

"ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்ல போடாம நேரா மூஞ்சியிலயே போட்டுட்டாங்க!"

நான் ஓட்டினேன். தெரு முழுக்க அதே சிவப்பு வட்டம். நான் அப்பா தலையை நடுவுல வெச்சேன்ல? அது அச்சுப் பிசகாம அந்தத் தலையிலயே உட்கார்ந்திருக்கு. ஜூம் பண்ணின இடத்துல டிவி முழுக்கச் சிவப்பு, யாரோ வெத்தலையைப் போட்டுத் துப்பின மாதிரி. மத்த இடத்துலல்லாம் ஓரத்துல ஆடின சேகர் மாமா மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்காரு.

படம்தான் இப்படி. சத்தம் பிரமாதம். என் குரல் டிவில கணீர்னு கேக்குது: "அதுக்குப் பேரு லென்ஸ் ஃபிளேர் அத்தை. சினிமாவுல இதுக்குன்னே வேணும்னு எடுப்பாங்க."

அத்தை என்னைப் பாத்தாங்க. இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்! சென்சார்லயே கோளாறு! தூசு படிஞ்ச பெட்டியை என் தலையில கட்டிட்டாங்க! நாளைக்கே கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன். நுகர்வோருக்கு உரிமை இல்லையா இந்த நாட்டுல?"ன்னு கேமராவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு முழங்கினேன்.

காபி டம்ளர் தட்டோட வந்த அம்மா அதை அண்ணாந்து பாத்தாங்க. முகமெல்லாம் சந்தோஷம்.

"அட, பொட்டு அழியாம அப்படியே இருக்கே!"

கேமராவைத் திருப்பினேன். லென்ஸுக்கு நட்ட நடுவுல, சந்தனத்து மேல குங்குமம். வட்டம்னா அப்படி ஒரு வட்டம்.

"அம்மா! பெட்டிக்குத்தானே வைக்கச் சொன்னேன்!"

"பெட்டிக்கும்தான் வெச்சேன்."

"லென்ஸ்ல ஏம்மா வெச்சே?"

"எனக்கு என்னடி தெரியும், அதுக்கு நெத்தி எதுன்னு? முன்பக்கம் வட்டமா, பளபளன்னு அதுதான் இருந்துச்சு. அங்க வெச்சேன்."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள ஒர்க்‌ஷாப் ஆளுங்க விவாதத்தை எடுத்துக்கிட்டாங்க. நெஜமாவே சீரியஸா!

"தங்கச்சி சொல்றதுல தப்பில்ல. இன்ஜினுக்கு எங்க வைக்கிறோம்? முன்பக்கம்தான்."

"முன்பக்கம்னாலும் ஹெட்லைட்டு மேலயா வைப்போம்? அதுக்குக் கீழ வைப்போம்."

"கேமராவுக்குக் கீழ இடம் எங்கய்யா இருக்கு?"

"பக்கவாட்டுல வைக்கலாம்ல?"

"பக்கவாட்டு காதுய்யா. காதுல போய் யாராவது பொட்டு வைப்பாங்களா?"

கேமரா கை மாறிக் கை மாறிச் சுத்தி வந்துச்சு. ஒவ்வொருத்தரா திருப்பித் திருப்பிப் பாத்து, கடைசியில அதுக்கு வேற நெத்தி கிடையாது, அம்மா வெச்ச இடம்தான் சரின்னு முடிவு பண்ணிட்டாங்க. ஏகமனதா!

எனக்குச் சிரிப்பு வரல மக்களே. ஒரே ஒரு நாள். ஒரே ஒரு முகம். மறுபடியும் மாலை போட்டு வேன்ல ஏத்த முடியுமா?

"எடுக்கலாமே! நாளைக்கே ரீடேக்! நான் ஆடத் தயார்"னாரு சேகர் மாமா.

"ரெண்டு தடவை ரிடையர் ஆனா பென்ஷனை நிறுத்திடப் போறான், சும்மா இரு"ன்னாரு அப்பா. அவரு என்னமோ ரொம்ப நிம்மதியாத்தான் இருந்தாரு. காரணம் அடுத்த நிமிஷமே தெரிஞ்சுது.

டிவில மாலை மாத்துற இடம் வந்துச்சு. பேண்டு நின்னுச்சு. சிவப்பு வட்டத்துக்குள்ள இருந்து மூக்கை உறிஞ்சுற சத்தம் தெளிவா கேட்டுச்சு.

"பாத்தீங்களா, அழுதாரு! நான் கிட்டத்துல நின்னு பாத்தேன்"னு சேகர் மாமா குதிச்சாரு. "பொண்டாட்டி முன்னாடி குலுங்கிக் குலுங்கி அழுதாரு!"

"யாரு, நானா? வெடிப் புகைய்யா அது."

"அழுதீங்க"ன்னாங்க அம்மா.

"புகைன்னு சொல்றேன்ல? ஆதாரம் இருக்கா?"ன்னு அப்பா டிவியைக் காட்டினாரு. சிவப்பு வட்டம். அப்பா முகத்துல ஒரு சிரிப்பு. "நல்லாத்தான்மா எடுத்திருக்கே ஜனனி. அருமையான கேமரா."

அப்பதான் டிவில தடால்னு சத்தம். வானம் சுத்துச்சு. சேர் கால்கள் பறந்துச்சு. சிவப்பு வட்டம் நடுவுல சும்மா வானத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. ஓரத்துல, வலது மூலையில, ஒரு முகம் உள்ள வந்துச்சு.

"நிறுத்து!"ன்னு நாலஞ்சு பேர் ஒண்ணா கத்தினாங்க. நிறுத்தினேன்.

அப்பா. அவ்வளவு தெளிவு! மாலை ஒரு தோள்ல தொங்குது, வாய் பிளந்திருக்கு, ரெண்டு கையும் என்னைப் பாத்து நீண்டிருக்கு. கண்ணுல இருந்து தாடை வரைக்கும் தண்ணி. ஆப்டிகல் தெளிவு!

"இது என்ன? புகையா?"ன்னேன்.

அப்பா ஒரு வாய் காபி குடிச்சாரு. "புள்ள விழுந்திருக்கு. பெத்தவன் சிரிக்கவா செய்வான்?"

விடலாமா? "அப்பா, நான் விழுந்து ஒரு செகண்டுகூட ஆகல. அதுக்குள்ள கண்ணீர் கண்ணுல இருந்து தாடைக்கு வந்துடுமா? அப்ப முன்னாடியே அழுதிருக்கீங்க. மாலை போடும்போதே! ஒத்துக்கோங்க!"

ஹாலே கைதட்டுச்சு. அத்தைகூட தட்டினாங்க. அப்பா டம்ளரைக் கீழ வெச்சாரு.

"நீ விழுவேன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. ராஜகோபுரத்துல இருந்து பின்பக்கமாவே நடந்து வர்றே. பின்னாடி பாரு, பின்னாடி பாருன்னு வேன்ல நின்னு கையை ஆட்டிக்கிட்டே வந்தேன். நீ எனக்கு டாட்டா காட்டினே."

டிபேட் கிளப்ல ரெண்டு வருஷமா இருக்கேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா எந்திரிச்சுப் போய் எதிர்க்கட்சிக்கு ஒரு பஜ்ஜி எடுத்து வெச்சேன்.

அந்த ஒரு ஃபிரேமை மட்டும் பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். அப்பாவோட முகம் தெளிவா விழுந்த ஒரே படம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டு, "இது எப்ப எடுத்தது, சார் ஏன் இப்படிக் கதறுறாரு?"ன்னு கேக்குறாங்க.

அம்மா காபியை நீட்டிக்கிட்டே சொல்றாங்க: "ரிடையர்மெண்ட் அன்னிக்கு எடுத்ததுங்க. இனிமே நாள் முழுக்க எங்க கூடத்தானே இருக்கணும்?"